ஒரு மின்மானி, மூன்று அடுப்பு

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவியர், மாதர் அணியினர் கூடிய கூட்டத்தில் 2025 மே மாதம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் உங்களுக்கு அறிவித்திருந்தோம். அதையும் பேசுவோம். ஆனால் கொஞ்ச நாளாக எங்கள் காரியாலயத்துக்கு வருகிறவர்கள் சம்பளச் சிட்டையோடு இன்னொரு காகிதத்தையும் மடித்துக் கொண்டுவருகிறார்கள். கரண்ட் பில். மேசையில் விரித்து வைத்துவிட்டு, "இது எப்படி ஐயா வரும்? எங்க வீட்டுல ரெண்டு பல்பும் ஒரு டீவியும்தானே இருக்கு" என்று கேட்கிறார்கள்.

2025இல் ஒரு நாட்சம்பளம் 1,350 ரூபா. அதுவும் முழுப்பேர் விழுந்தால். பில் மூவாயிரம் நாலாயிரம் என்று வந்தால், மூன்று நாள் மலையில் கொழுந்து பறித்தது முழுக்க அந்த ஒரு காகிதத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே இதுவும் சம்பளப் பிரச்சினைதான். அதனால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குகிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அந்தக் குடும்பங்களின் பெயரும் வேண்டாம். இங்கே இருக்கிற பலருக்கு அது தங்கள் லயத்தில் நடந்தது போலவே இருக்கும்.

பணிய லயத்தில் அடுத்தடுத்த இரண்டு காம்பரா. ஒன்றில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா, மகன், மாமியார். அடுத்ததில் அவருடைய கொழுந்தன் குடும்பம். மின்மானி ஒன்றுதான். அது காலமாகிப்போன மாமனாரின் பெயரில் இருக்கிறது. அக்கா வீட்டிலிருந்து கூரைக்கு மேலாக ஒரு வயர் போய் கொழுந்தன் வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. பில் வந்தால் ஆளுக்குப் பாதி. மாதம் 88 யூனிட் அளவில் போகும். 1,450 ரூபா சொச்சம் வரும். இத்தனை வருடமாக இதில் ஒரு வாக்குவாதமும் வந்ததில்லை.

சித்திரை மாதத்துக்கு வந்த பில்லில் 172 யூனிட். வரி சேர்க்காமல் 4,896 ரூபா.

அன்றைக்கே தொடங்கியது. "புதுசா ரைஸ் குக்கர் வாங்கினதிலிருந்துதான்" என்று அக்கா சொன்னார். "வருசப் பிறப்புக்குக் கொழும்பிலிருந்து வந்த மகன் ராப்பகலா பாட்டுப் போட்டானே, அதுதான்" என்று ஓரகத்தி சொன்னார். பேச்சு வளர்ந்தது. மூன்றாம் நாள் அந்த வயரைக் கழற்றிவிட்டார்கள். கொழுந்தன் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. அது மெழுகுவர்த்தியில் படித்தது. ஒரே கோடிப்பக்கத்தில் துணி காயப்போடுகிற இரண்டு பெண்கள் முகம் பார்த்துப் பேசாமல் பத்து நாள் இருந்தார்கள்.

தோட்டத் தலைவி எங்களிடம் வந்து சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனோம். வயரிங் வேலை படித்த ஒரு தம்பியையும் கூட்டிக்கொண்டு போனோம்.

முதலில் பில்லையும் மின்மானியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மின்மானி இலக்கம் சரி. வாசிப்பும் சரி. நாட்கள் 30. அதிலும் பிழை இல்லை. ஆகவே அந்த 172 யூனிட் உண்மையாகவே அந்த மின்மானி வழியாகப் போயிருக்கிறது. அடுத்ததாக, மெயின் சுவிட்சைப் போட்டபடியே வைத்துவிட்டு, வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னோம். பல்பு, டீவி, போன் சார்ஜர், எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றச் சொன்னோம். கொழுந்தன் வீட்டு வயர் ஏற்கனவே கழற்றித்தான் கிடக்கிறது. அப்படியென்றால் மின்மானி நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. அந்தச் சிவப்பு லைட் மினுங்கிக்கொண்டே இருந்தது.

அந்தத் தம்பி மெயினை இறக்கிவிட்டுத் தேடினார். குசினிக்குப் போகிற வயர் கூரைத் தகரத்தில் போட்ட ஓட்டை வழியாகப் போகிறது. காற்றுக்குத் தகரம் ஆடி ஆடி வயரின் பிளாஸ்டிக்கை அறுத்திருக்கிறது. மழை பெய்து சுவர் நனைந்ததும் மின்சாரம் சுவர் வழியே மண்ணுக்கு இறங்கியிருக்கிறது. நாம் மின்ஒழுக்கு என்று சொல்வது இதைத்தான். ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அது விழுந்திருக்க வேண்டுமே என்று பார்த்தோம். போன வருட மழைக்கு அடிக்கடி விழுகிறது என்று யாரோ ஒருவர் வந்து அதை 'டைரக்ட்' பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்.

அப்போதுதான் அக்காவின் மாமியார் சொன்னார்: "குசினிச் சுவத்துல கை வச்சா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குன்னு பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லிச்சு. நாங்க ஈரம்னு நினைச்சோம்."

சகோதரிகளே, அந்த வார்த்தைக்குப் பிறகு அங்கே யாரும் ரைஸ் குக்கரைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பில் வந்திருக்காவிட்டால் அந்தச் சுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். லயத்தில் தீப்பிடித்தது, மின்ஒழுக்குக் காரணம் என்று எத்தனை தடவை செய்தியில் கேட்டிருக்கிறோம்? ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசை முழுக்கப் போகிறது. பிள்ளைகளின் புத்தகம், அடையாள அட்டை, சீட்டுப் போட்டு வாங்கிய அலுமாரி, ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆகவே நாங்கள் உங்களுக்குச் சொல்கிற முதல் விஷயம் இது. வழக்கத்துக்கு மாறாகப் பில் கூடினால் அடுத்த வீட்டைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் மின்மானியையும் வயரையும் பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

ஒன்று. பில்லில் இருக்கிற மின்மானி இலக்கமும் உங்கள் சுவரில் இருக்கிற மின்மானியின் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். லயத்தில் நாலைந்து மின்மானி ஒரே பலகையில் இருக்கும். ஒருவருடைய வாசிப்பு இன்னொருவருடைய பில்லில் ஏறிவிடுவது உண்டு.

இரண்டு. பில்லில் முந்திய வாசிப்பு, இந்த மாத வாசிப்பு என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் யூனிட். இப்போது மின்மானியில் இருக்கிற எண்ணையும் பாருங்கள். பில்லில் போட்டிருக்கிற எண்ணை விட மின்மானியில் குறைவாக இருந்தால் வாசிப்பில் பிழை. வாசிக்க வந்த நேரம் வீடு பூட்டிக் கிடந்தால் சராசரி போட்டும் பில் வரலாம். நாம் எல்லோரும் மலையில் நிற்கிற நேரம்தானே அவர்கள் வருகிறார்கள். போனில் மின்மானியைப் படம் பிடித்து வையுங்கள். அது உங்கள் சாட்சி.

மூன்று. எத்தனை நாளுக்குப் பில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இது முக்கியம். கட்டணப் படிகள் 30 நாளுக்கு என்று கணக்கு. வாசிக்கிறவர் 36 நாள் கழித்து வந்தால் யூனிட் கூடத்தான் இருக்கும். ஆனால் படியும் அதற்கு ஏற்ப நீள வேண்டும். 30 நாளுக்கு 60 யூனிட் என்றால் 36 நாளுக்கு 72 யூனிட். அவர் பிந்தி வந்ததற்காக நீங்கள் மேல்படிக்கு ஏறக் கூடாது.

நான்கு. நாங்கள் அந்த லயத்தில் செய்த சோதனை. மெயின் போட்டபடி இருக்க, வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றுங்கள். பழைய மின்மானி என்றால் உள்ளே இருக்கிற தட்டு சுற்றுகிறதா, புதியது என்றால் சிவப்பு லைட் மினுங்குகிறதா என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஓடினால் வீட்டுக்குள் எங்கோ ஒழுகுகிறது. அல்லது உங்களுக்குத் தெரியாமல் யாரோ எடுக்கிறார்கள். உடனே மெயினை இறக்குங்கள். நீங்களே கூரையில் ஏறாதீர்கள். ஈரச் சுவரைத் தொடாதீர்கள். வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மெயினை இறக்கிய பிறகும் மின்மானி ஓடினால் கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில் அல்ல, அதற்கு முன்னால் இருக்கிறது. அதை மின்சார அலுவலகத்துக்குத்தான் சொல்ல வேண்டும். இலக்கம் 1987.

ஐந்து. ட்ரிப் சுவிட்ச். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அமுக்குங்கள். அமுக்கினால் விழ வேண்டும். விழாவிட்டால் அது வேலை செய்யவில்லை. மழைக்கு அது அடிக்கடி விழுந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அது விழுகிறதே, அது உங்கள் பிள்ளையைக் காப்பாற்றத்தான் விழுகிறது. அதை டைரக்ட் பண்ண வருகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். அவர் நம்முடைய ஆளாக இருந்தாலும் விடாதீர்கள்.

அடுத்ததாக, எது எவ்வளவு இழுக்கிறது என்பது. ஆயிரம் வாட்ஸ் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஒரு கணக்கு போதும். 9 வாட்ஸ் எல்.ஈ.டி. பல்பு நூறு மணித்தியாலத்துக்கு மேல் எரிந்தால்தான் ஒரு யூனிட். பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பு பத்து மணித்தியாலத்திலேயே ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். இஸ்தோப்பில் விடிய விடிய எரிகிற பல்பு குண்டு பல்பு என்றால், அது மட்டும் மாதம் 30 யூனிட்டுக்கு மேல்.

சாமான்களில் அதிகம் இழுப்பது சூடாக்குகிறவைதான். டீவி ஐந்து மணித்தியாலம் ஓடினாலும் இப்போதைய சின்ன டீவிக்குக் கால் யூனிட் அளவுதான். ஆனால் குளிருக்குப் பிள்ளைகளைக் குளிக்க வைக்க வாளியில் போடுகிற ஹீட்டர் கம்பி 1,500 வாட்ஸ். தினம் இருபது நிமிடம் போட்டால் அரை யூனிட், மாதம் 15 யூனிட். உயிருக்கும் ஆபத்து. விறகடுப்பில் ஒரு பானை தண்ணீர் வைத்தால் அது முடிந்துபோகிற காரியம். அயனும் அப்படித்தான். காலையில் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் ஒவ்வொரு தடவை சூடேற்றுவதை விட, ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் கிழமைக்கு வேண்டிய உடுப்பை அழுத்தி வைப்பது மேல். இதைப் பெண்கள் மட்டும் செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆண்களும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இவ்வளவும் நாம் செய்யக்கூடியது. இனி நாம் கேட்க வேண்டியதைச் சொல்கிறோம். கொஞ்சம் கணக்கு வரும். பொறுமையாகக் கேளுங்கள்.

2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் எப்படி ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு 2024இல் குறைத்தார்கள். 2025 ஜனவரியிலும் குறைத்தார்கள். அந்த ஜனவரிக் கட்டணத்தை வைத்தே சொல்கிறோம். எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் படிப்படியாக ஏறுகிற முறை வருடக்கணக்காக இருக்கிறது. வரியைச் சேர்க்காமல் பார்ப்போம்.

2025 ஜனவரிக் கட்டணப்படி, மாதம் 31 முதல் 60 யூனிட் வரை பாவிக்கிற வீட்டுக்கு முதல் 30 யூனிட் 4 ரூபா, அடுத்த 30 யூனிட் 6 ரூபா, நிலையான கட்டணம் 200 ரூபா. ஆகவே 60 யூனிட்டுக்கு 500 ரூபா.

ஒரே ஒரு யூனிட் கூடி 61 ஆனால் என்ன நடக்கும்? அந்த மலிவு விலை முழுவதும் போய்விடுகிறது. முதல் 60 யூனிட்டுக்கும் 11 ரூபா, அதற்கு மேல் 14 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,074 ரூபா. அந்த ஒரு யூனிட்டின் விலை 574 ரூபா!

அதே போல 90 யூனிட்டுக்கு 1,480 ரூபா. 91 ஆனால் 2,100 ரூபா. நிலையான கட்டணம் 400இலிருந்து 1,000 ஆகத் தாவுகிறது.

குறையப் பாவிக்கிறவனுக்குக் குறைந்த விலை, அதிகம் பாவிக்கிறவனுக்குக் கூடிய விலை. இந்த ஒழுங்கு நியாயமானதுதான். ஏழைக்கு அது பாதுகாப்பு. அதை எதிர்த்து நாம் பேசவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு யாருக்குக் கிடைக்கிறது? தன் பெயரில் தனி மின்மானி வைத்திருக்கிறவருக்குக் கிடைக்கிறது. ஒரு மின்மானியில் இரண்டு அடுப்பு, மூன்று அடுப்பு எரிகிற லயத்துக்கு அது கிடைப்பதில்லை. மின்மானிக்குக் குடும்பம் எத்தனை என்று தெரியாது. அதற்கு யூனிட் மட்டும்தான் தெரியும்.

அந்த இரண்டு குடும்பத்தையே எடுப்போம். கசிவு வருவதற்கு முன்பு இரண்டும் சேர்ந்து 88 யூனிட். பில் 1,452 ரூபா. தனித்தனி மின்மானி இருந்தால் ஆளுக்கு 44 யூனிட், ஆளுக்கு 404 ரூபா, இரண்டும் சேர்ந்து 808 ரூபா. பாவித்தது ஒரே அளவு. ஆனால் மாதம் 644 ரூபா கூடக் கட்டியிருக்கிறார்கள். வருடத்துக்கு 7,728 ரூபா. ஐந்து நாட்சம்பளத்துக்கு மேல்.

மூன்று குடும்பம் ஒரு மின்மானியில் இருந்தால் இன்னும் மோசம். ஆளுக்கு 40 யூனிட் என்று வையுங்கள். தனித்தனியே என்றால் ஆளுக்கு 380, மூன்றுக்கும் 1,140 ரூபா. சேர்ந்து 120 யூனிட் என்றால் 2,680 ரூபா. மாதம் 1,540 ரூபா வித்தியாசம். ஒரு நாட்சம்பளத்தை விடக் கூட. மாதா மாதம் ஒரு பேர், ஒரு மின்மானி இல்லாத குற்றத்துக்காகப் போகிறது.

அந்தப் பணத்தை யாரும் களவெடுக்கவில்லை. பில்லில் பிழையும் இல்லை. அதனால்தான் இது நம் கண்ணில் படாமல் இத்தனை காலம் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு சண்டை மட்டும் கண்ணில் பட்டது.

ஏன் தனி மின்மானி எடுக்கவில்லை என்று வெளியிலிருந்து கேட்பார்கள். உங்களுக்குப் பதில் தெரியும். காணி நம்முடையது அல்ல. உறுதி இல்லை. இணைப்புக்கு விண்ணப்பிக்கத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். கடிதம் கேட்டுப் போனால் இன்றைக்குத் துரை இல்லை, நாளைக்கு வா என்பார்கள். ஒரு நாள் போனால் ஒரு பேர் போகிறது. கடிதம் கிடைத்தாலும் இணைப்புக் கட்டணமும் வயரிங் செலவும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்கிறோம். ஓய்வுபெற்ற பிறகும் அதே காம்பராவில் இருக்கிற நம் தாய்மாருக்கு இன்னும் கஷ்டம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த நாட்டின் நீர்மின்சாரத்தில் ஒரு பெரும்பங்கு நம் மலையிலிருந்துதான் போகிறது. லக்சபான மின்நிலையம் 1950இல் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை, கென்யன், நோர்ட்டன் பிரிட்ஜ் எல்லாம் நம் தோட்டங்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. பழைய மஸ்கெலியா நகரமே மவுசாகலைத் தண்ணீருக்குள் போனது. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை வந்தது. அந்த அணைகளைப் பார்த்துக்கொண்டு கொழுந்து பறிக்கிற பெண்ணின் வீட்டில் இன்னும் கடன் வாங்கிய வயரில்தான் பல்பு எரிகிறது.

ஆகவே சங்கம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறது.

முதலாவது, ஒரு குடும்பத்துக்கு ஒரு மின்மானி. ஓய்வுபெற்றவர் வீடானாலும் சரி. சம்மதக் கடிதத்தை இத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகங்களோடு எழுத்தில் உடன்பாடு வேண்டும். இணைப்புச் செலவைத் தவணையில் கட்ட வழி வேண்டும்.

இரண்டாவது, தனி மின்மானி வரும் வரைக்கும், ஒரு மின்மானியில் எத்தனை குடும்பம் என்பதைப் பார்த்துப் படியைக் கணக்கிட வேண்டும். மூன்று குடும்பம் என்றால் 60 யூனிட் என்ற எல்லை 180 ஆக வேண்டும். கட்டணத்தை மாற்றுவதற்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. அந்த இடத்தில் மலையகத்தின் சார்பில் இதைச் சொல்வோம்.

மூன்றாவது, லய வரிசைகளின் பழைய வயரிங்கைப் பரிசோதித்து, ஒவ்வொரு காம்பராவுக்கும் வேலை செய்கிற ட்ரிப் சுவிட்ச் போட வேண்டும். கட்டிடம் தங்களுடையது என்று சொல்கிறவர்களுக்குப் பொறுப்பும் இருக்கிறது.

இவற்றைக் கேட்க நம்மிடம் ஆதாரம் வேண்டும். அதனால் ஒரு வேலை தருகிறோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் லயங்களில் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். எத்தனை குடும்பம், எத்தனை மின்மானி, யார் பெயரில் இருக்கிறது, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா. இந்த நாலு விஷயம் போதும். பாடசாலை முடித்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து தருவார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பட்டியலைக் கொண்டுவாருங்கள்.

வீட்டில் செய்ய ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மின்மானியைப் பார்த்துக் கலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே எண்ணை எழுதுங்கள். 30 நாளுக்கு 60 யூனிட் என்றால் நாளைக்கு 2, கிழமைக்கு 14. தனி மின்மானி உள்ள வீடு கிழமைக்கு 14ஐத் தாண்டாமல் இருந்தால் மலிவுப் படிக்குள் இருக்கிறீர்கள். ஒரு கிழமையில் 14 இருந்தது, அடுத்த கிழமை 30 ஆனால், பில் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே தேடலாம்.

பில் வந்து பிழை என்று தெரிந்தால் என்ன செய்வது? கட்டாமல் சும்மா இருக்காதீர்கள். சும்மா இருந்தால் சிவப்பு நோட்டீஸ் வரும், பிறகு இணைப்பை வெட்டுவார்கள். உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். கணக்கு இலக்கம், மின்மானி இலக்கம், பில்லில் உள்ள வாசிப்பு, நீங்கள் பார்த்த வாசிப்பு, பார்த்த தேதி, இவற்றை எழுதுங்கள். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாக ஒப்பமும் முத்திரையும் வாங்குங்கள். போனில் சொன்னால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். மின்மானியிலேயே கோளாறு என்று நினைத்தால் அதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. ஆகவே முதலில் வீட்டுச் சோதனையைச் செய்துவிட்டுக் கேளுங்கள். அலுவலகத்தில் தீர்வு இல்லையென்றால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். எல்லாவற்றையும் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். அரசியலமைப்பு கொடுத்த உரிமை அது. எழுத உதவி வேண்டுமென்றால் காரியாலயத்துக்கு வாருங்கள். கரண்டுக்கென்று தோட்டத்தில் சம்பளத்தில் பிடித்தால், எத்தனை யூனிட், என்ன விலை என்று கணக்குக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் சிட்டையோடு எங்களிடம் வாருங்கள்.

சரி, அந்த இரண்டு குடும்பம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்தப் பில்லை ரத்துச் செய்ய முடியவில்லை. மின்சாரம் போனது உண்மை. ஆகவே கட்டத்தான் வேண்டும். அக்காவையும் ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு மின்சார அலுவலகத்துக்குப் போய்த் தவணை கேட்டோம். மூன்று தவணைக்குச் சம்மதித்தார்கள். முதல் தவணையை இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக் கட்டினார்கள். அந்தத் தம்பி குசினி வயரை மாற்றி, ட்ரிப் சுவிட்சை ஒழுங்காகப் பூட்டிக் கொடுத்தார். கொழுந்தன் வீட்டுக்கும் கூரைக்கு மேலால் இல்லாமல் குழாய்க்குள் ஒரு வயர் போட்டார். பிள்ளை மறுபடி பல்பு வெளிச்சத்தில் படிக்கிறது.

தனி மின்மானிக்கான சம்மதக் கடிதத்தை எழுதித் தோட்ட ஆபீசில் கொடுத்து மூன்று வாரமாகிறது. இன்னும் ஒப்பம் விழவில்லை. வருகிற புதன்கிழமை நாங்கள் அங்கே போகிறோம். இந்தத் தடவை அந்த ஒரு கடிதத்தோடு போகவில்லை. அந்தத் தோட்டத்தில் மின்மானி இல்லாத எல்லாக் குடும்பத்தின் கடிதத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறோம். தலைவி வீடு வீடாகப் போய்ச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் துணையாக அந்த அக்காவும் ஓரகத்தியும் போகிறார்கள்.

உங்கள் தோட்டத்திலும் அப்படிச் செய்யுங்கள். பில்லைத் தனித்தனியே மடித்து மடியில் வைத்துக்கொண்டு அழ வேண்டாம். ஒன்றாகக் கொண்டுவாருங்கள், ஒன்றாகக் கேட்போம்.